மைசூரிலிருந்து கடல் கடக்கும் சரக்கு: காப்பீடு எங்கே தொடங்குகிறது, எங்கே நின்றுபோகிறது?

மைசூரு: விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து கொச்சி நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'எம்எஸ்சி எல்சா 3' என்ற சரக்குக் கப்பல், 2025 மே 24 அன்று கொச்சியிலிருந்து சுமார் 38 கடல் மைல் தொலைவில் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மறுநாள் காலை 640 கன்டெய்னர்களுடன் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் மீட்கப்பட்டனர். இரு வாரங்கள் கழித்து, ஜூன் 9 அன்று, கொழும்பிலிருந்து நவ சேவா துறைமுகத்துக்குச் சென்ற 'வான் ஹை 503' என்ற கப்பல் கேரளக் கடற்பகுதியில் தீப்பற்றி எரிந்தது. அதில் இருந்த 22 பேரில் 18 பேரே மீட்கப்பட்டனர்.

கடலே இல்லாத மைசூருக்கும் இச்செய்திகளுக்கும் தொடர்பு உண்டு. இங்கிருந்து ஊதுவத்தி, பட்டு, இன்ஸ்டன்ட் காபி, டயர், வாக்குச்சாவடிகளில் விரலில் இடப்படும் அழியா மை எனப் பலவகைப் பொருள்கள் வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. பக்கத்துக் குடகின் காபிக்கொட்டையும் அவ்வாறே. இவை சென்னை, மங்களூரு, கொச்சி, தூத்துக்குடி ஆகிய துறைமுகங்களில் ஏதேனும் ஒன்றின் வழியாகவே கப்பலேற வேண்டும். சென்னைக்குச் சாலைவழி சுமார் 480 கிலோமீட்டர். மங்களூருக்குச் சுமார் 250 கிலோமீட்டர். சரக்குக்கு வரும் ஆபத்து துறைமுகத்தில் தொடங்குவதில்லை. ஹெப்பால், ஹூட்டகள்ளி தொழிற்பேட்டைகளின் வாயிலில், லாரியில் முதல் அட்டைப்பெட்டி ஏறும்போதே அது தொடங்கிவிடுகிறது. ஆனால் காப்பீடு அங்கே தொடங்குகிறதா என்பது வேறு கேள்வி. சிறு ஏற்றுமதியாளர் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கப்பல் நிறுவனம் ஈடு தராதா?

'சரக்கை ஒப்படைத்துவிட்டோம், தொலைந்தால் கப்பல்காரர் தரவேண்டியதுதானே' என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை. 1925-ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. எனினும் அடிப்படை விதிகள் பழையவையே. கப்பலைச் செலுத்துவதில் கேப்டனோ மாலுமிகளோ செய்யும் தவறுக்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பாகாது. நிறுவனத்தின் சொந்தத் தவறால் நேர்ந்தாலன்றித் தீவிபத்துக்கும் பொறுப்பாகாது. புயலுக்கும் போருக்கும் சொல்லவே வேண்டாம்.

பொறுப்பு உறுதியானாலும் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. சரக்கின் மதிப்பு முன்கூட்டியே பில் ஆஃப் லேடிங்கில் அறிவிக்கப்படாவிட்டால், ஒரு பெட்டிக்கு 666.67 எஸ்டிஆர் அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், இவற்றில் எது அதிகமோ அதுவே கிடைக்கும். எஸ்டிஆர் என்பது பன்னாட்டுச் செலாவணி நிதியம் பயன்படுத்தும் கணக்கு அலகு. 666.67 எஸ்டிஆர் என்பது ஏறக்குறைய 80,000 ரூபாய். ஒரு பெட்டியில் 10 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பட்டுச்சேலைகள் இருந்தாலும் வரம்பு அதுவே. பில் ஆஃப் லேடிங்கில் '1 கன்டெய்னர்' என்று மட்டும் எழுதப்பட்டால் கன்டெய்னர் முழுவதும் ஒரே பெட்டியாகக் கருதப்படக்கூடும் என்பதால், உள்ளே உள்ள அட்டைப்பெட்டிகளின் எண்ணிக்கையையும் அதில் குறிப்பிடச் செய்வது நல்லது.

லாரிக்கும் இதே நிலைதான். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி, கூடுதல் மதிப்பு அறிவிக்கப்படாத சரக்குக்கு லாரி நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப்போல் பத்து மடங்குதான். வாடகை 30,000 ரூபாய் எனில் 3 லட்சம் ரூபாய். லாரியில் இருப்பது 40 லட்சம் ரூபாய்ச் சரக்காக இருக்கலாம். விமானத்தில் அனுப்பினால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வரம்பு கிலோவுக்கு 26 எஸ்டிஆர். கனமில்லாத, விலை மிகுந்த பொருளான பட்டுக்கு இது எந்த மூலைக்கு?

எல்சா 3 மூழ்கியபின் முந்திரி இறக்குமதியாளர்கள் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினர். அதே குழுமத்தின் வேறொரு கப்பலைத் தடுத்துவைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழி அடைபட்டதல்ல; ஆனால் செலவும் காலமும் பிடிப்பது. சரக்குக் காப்பீடு வைத்திருப்பவருக்கு அந்த வழக்கைக் காப்பீட்டு நிறுவனமே அவர் சார்பில் நடத்தும். அவருக்குரிய தொகை அதற்கு முன்பே கைக்கு வந்துவிடும்.

எஃப்ஓபி என்ற மூன்றெழுத்து

காப்பீட்டை யார் எடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பாலிசி அல்ல, விற்பனை ஒப்பந்தம். அதில் 'எஃப்ஓபி சென்னை' என்று இருந்தால், சரக்கு சென்னையில் கப்பலின்மீது ஏற்றப்படும் கணம்வரை ஆபத்து விற்பவருடையது, அதன்பின் வாங்குபவருடையது. 'சிஐஎஃப் ஹாம்பர்க்' என்று இருந்தாலும் ஆபத்து அதே இடத்தில்தான் கைமாறுகிறது. ஆனால் ஹாம்பர்க் வரையிலான கப்பல் வாடகையையும் காப்பீட்டையும் விற்பவர் தம் செலவில் ஏற்பாடு செய்து, பாலிசியை வாங்குபவருக்கு மாற்றித்தர வேண்டும்.

எஃப்ஓபி முறையில் விற்கும் மைசூர் வணிகர் பலர், 'காப்பீடு வெளிநாட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்' என்று இருந்துவிடுகின்றனர். வாங்குபவர் எடுக்கும் பாலிசி, அவருக்கு ஆபத்து கைமாறும் இடத்திலிருந்துதான் உயிர்பெறும். அப்படியானால் மைசூரிலிருந்து சென்னைத் துறைமுகம் வரையிலான 480 கிலோமீட்டரும், துறைமுகக் கிடங்கில் கப்பலுக்காகக் காத்திருக்கும் நாள்களும் யாருடைய பாலிசியிலும் இல்லை. மங்களூர் வழியெனில் மடிக்கேரியைத் தாண்டிச் சம்பாஜே மலைச்சரிவில் இறங்க வேண்டும். 2018 ஆகஸ்டில் குடகில் நேர்ந்த நிலச்சரிவுகளில் அந்தச் சாலையே துண்டிக்கப்பட்டது நினைவிருக்கலாம்.

இதற்குத் தீர்வு எளிது. தொழிற்சாலை வாயிலிலிருந்து கப்பலில் ஏற்றும்வரை காக்கும் உள்நாட்டுப் போக்குவரத்துப் பாலிசி தனியே கிடைக்கிறது. எஃப்ஓபி பாலிசி என்றே சந்தையில் பெயர். கன்டெய்னர் சரக்குக்கு எஃப்ஓபிக்குப் பதில் 'எஃப்சிஏ' என்ற நிபந்தனையே பொருத்தமானது எனப் பன்னாட்டு வணிகச் சபையின் இன்கோடெர்ம்ஸ் விதிகளும் வழிகாட்டுகின்றன. அதன்படி பெங்களூரு ஒயிட்ஃபீல்டு உள்நாட்டுக் கன்டெய்னர் முனையத்தில் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்தவுடனேயே ஆபத்து வாங்குபவருக்குச் சென்றுவிடும்.

மாறாக, எஃப்ஓபி என்று விற்றுவிட்டு முழுப் பயணத்துக்கும் தம் பெயரில் பாலிசி எடுத்து நிம்மதியாக இருப்பதும் பலன் தராது. 'கான்ட்ஷிப் கன்டெய்னர் லைன்ஸ்' வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஸ்பெயினுக்கு எஃப்ஓபி அடிப்படையில் சரக்கு அனுப்பிய ஏற்றுமதியாளர் இழப்பீடு கோரினார். கப்பலேறியதும் சரக்கின் உரிமை வாங்குபவருக்குப் போய்விட்டது; எனவே இழப்பு நேரும்போது விற்றவருக்குக் காப்பீடு செய்யத்தக்க நலன் இல்லை என்று நீதிமன்றம் கூறியது. அது எஃப்ஓபி விற்பனை என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவிக்காததும் அவருக்கு எதிராக நின்றது. கடல்சார் காப்பீடு முழு நம்பிக்கையின் மீது அமைந்த ஒப்பந்தம். கேட்டால்தான் சொல்வேன் என்பது இதில் செல்லாது.

பணம் வராத நிலையில் எஃப்ஓபி விற்பனையாளருக்கு இன்னொரு கவலை உண்டு. வழியில் சரக்கு நனைந்துவிட்டது என்று வாங்குபவர் கைவிரித்தால் என்ன செய்வது? ஒப்பந்தப்படி ஆபத்து அவருடையதாயினும், பணத்தை வசூலிப்பது எளிதன்று. இதற்கென 'செல்லர்ஸ் இன்ட்ரஸ்ட்' என்ற துணைக்காப்பு உண்டு. வாங்குபவர் சரக்கை ஏற்க மறுத்துப் பணமும் தராதபோது மட்டும் அது நடைமுறைக்கு வரும்.

ஏ, பி, சி

பாலிசியின் முதல் பக்கத்தில் உள்ள தொகையைவிட, அதனுடன் இணைக்கப்படும் விதித்தொகுப்பின் எழுத்து முக்கியமானது. உலகெங்கும் பெரும்பாலும் பின்பற்றப்படுவது லண்டன் சந்தையின் 'இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ்' ஏ, பி, சி என்ற மூன்று தொகுப்புகள். இப்போதைய வடிவம் 2009-ஐச் சேர்ந்தது.

மிகக் குறுகியது சி. தீ, வெடிப்பு, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதல், லாரி கவிழ்தல் போன்ற பெரும் விபத்துகளுக்கு மட்டுமே அது பொருந்தும். நிலநடுக்கம், அலை அடித்துக் கன்டெய்னர் கடலில் விழுதல், கடல்நீர் உட்புகுதல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்கிறது பி. ஏ என்பது விலக்கப்பட்டவை தவிர மற்ற அனைத்தையும் காக்கும்.

மைசூர்ச் சரக்குக்கு இதன் பொருள் என்ன? ஜூன், ஜூலை மழையில் தார்ப்பாய் கிழிந்து ஊதுவத்திப் பெட்டிகள் நனைந்தால் சி, பி இரண்டுமே தரா. மழைநீர் கடல்நீர் அன்று. லாரி நிறுத்துமிடத்தில் பட்டுப்பெட்டி களவுபோனாலும் இரண்டும் தரா. நனைந்த ஊதுவத்தி காய்ந்தாலும் மணம் திரும்பாது என்பதை அத்தொழிலில் உள்ளவரிடம் சொல்ல வேண்டியதில்லை. சிஐஎஃப் ஒப்பந்தத்தில் வேறு பேச்சு இல்லையெனில் விற்பவர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பு சி மட்டுமே. சிஐபி முறைக்கோ 2020 ஜனவரி முதல் ஏ தேவை. குறைந்தபட்சம் போதும் என்று சி எடுப்பவர், பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கும் தொகை பெரும்பாலும் சொற்பமே.

ஏ எடுத்தாலும் சில வாசல்கள் மூடியே இருக்கும். போதிய கட்டுமானமின்றிப் பொதி செய்தது, பொருளின் உள்ளியல்பால் கெடுவது, வழக்கமான எடைக்குறைவு, தாமதம் ஆகியவற்றுக்கு ஈடு இல்லை.

தாமதத்துக்கு மைசூரிலேயே பொருத்தமான எடுத்துக்காட்டு உண்டு. 1937-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கப்பட்ட மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனத்தின் அழியா மை, 1962 பொதுத்தேர்தல் முதல் பயன்பாட்டில் உள்ளது. பல வெளிநாடுகளின் தேர்தல்களுக்கும் செல்கிறது. அத்தகைய சரக்கு தேர்தல் முடிந்த மறுநாள் பழுதின்றிப் போய்ச்சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால், வாங்கியவருக்கு அது பயனற்றது. காப்பீட்டின் கணக்கிலோ இழப்பே இல்லை. தீபாவளிக்கு அனுப்பிய ஊதுவத்திக்கும் இது பொருந்தும்.

காபிக்கு ஆபத்து ஈரத்தில் உள்ளது. வெப்பமான கடற்கரையில் மூடப்பட்ட கன்டெய்னர், குளிர்ந்த வட ஐரோப்பாவை அடையும்போது உட்கூரையில் நீர் கோத்துச் சொட்டும். கன்டெய்னர் வியர்த்தல் என்று இதைச் சொல்வதுண்டு. 2012-இல் கொலம்பியாவிலிருந்து ஜெர்மனிக்கு மூட்டைகளில் சென்ற ஒன்பது தொகுதிக் காபி இவ்வாறு நனைந்தது. வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. போதிய கவனம் எடுத்துக்கொண்டதைக் கப்பல் நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என 2018 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆறு ஆண்டுகள். காப்பீட்டில் இக்கோரிக்கை நிற்க, கொட்டையின் ஈரப்பதச் சான்று, உள்ளே விரித்த கிராஃப்ட் தாள், ஈரம் உறிஞ்சும் பைகள் ஆகியவற்றின் புகைப்படம் முதலியன கைவசம் இருக்க வேண்டும். இல்லையேல் 'பொருளின் உள்ளியல்பு' என்ற விலக்கு முன்வைக்கப்படும்.

சேதமில்லாத சரக்குக்கும் பணம்

காப்பீடு எடுக்காதவரைத் திடுக்கிட வைப்பது 'ஜெனரல் ஆவரேஜ்' எனப்படும் பொதுச்சேதப் பங்கீடு. கப்பலையும் சரக்கையும் காப்பாற்றுவதற்காக வேண்டுமென்றே ஒரு பகுதி பலியிடப்பட்டாலோ செலவு செய்யப்பட்டாலோ, அதைக் கப்பல் உரிமையாளரும் சரக்கு உரிமையாளர் அனைவரும் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பண்டைய மத்தியதரைக் கடல் வணிகத்திலிருந்தே வரும் நெறி இது. இன்று யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகளின்படி கணக்கிடப்படுகிறது. பங்குத்தொகைக்குப் பிணை தராதவரை சரக்கு விடுவிக்கப்படாது.

2018 மார்ச் 6 அன்று அரபிக்கடலில் 'மேர்ஸ்க் ஹோனம்' கப்பலில் தீப்பிடித்து ஐவர் உயிரிழந்தனர். அதில் இருந்த சரக்குக்கு மீட்புப் பிணையாக மதிப்பில் 42.5 சதவீதமும், பொதுச்சேத வைப்பாக 11.5 சதவீதமும் கேட்கப்பட்டன. ஆக 54 சதவீதம். 40 லட்சம் ரூபாய்ச் சரக்கு ஒரு கீறலுமின்றித் தப்பியிருந்தாலும் அதை மீட்க 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்பது இதன் கணக்கு. காப்பீடு இருந்தால் நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதமே போதும். ஏ, பி, சி மூன்றிலும் இதற்குக் காப்பு உண்டு. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்து நின்ற 'எவர் கிவன்' கப்பலிலும், 2024 மார்ச்சில் பால்டிமோர் பாலத்தில் மோதிய, கொழும்பு நோக்கிப் புறப்பட்ட 'டாலி' கப்பலிலும் பொதுச்சேதம் அறிவிக்கப்பட்டது.

போருக்குத் தனி விலை

போர், வேலைநிறுத்தம் இரண்டும் மூன்று தொகுப்புகளிலும் விலக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தனி விதிகளாகச் சேர்க்க வேண்டும். 2023 நவம்பர் 19 அன்று துருக்கியிலிருந்து குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த 'கேலக்ஸி லீடர்' கப்பலைச் செங்கடலில் ஹூதி படையினர் கைப்பற்றியதிலிருந்து, ஐரோப்பியச் சரக்கு அனுப்புவோர் பலருக்கு இவ்விதிகள் பழக்கமாயின. போர்க்காப்பு சரக்கு கப்பலில் இருக்கும்போது மட்டுமே; கரையில் கிடையாது. ஏழு நாள் முன்னறிவிப்புடன் நிறுவனம் அதை விலக்கிக்கொள்ளவும் முடியும். கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றாலும் வழக்கமான காப்பு அறுபடாது. ஆனால் கூடுதலான நாள்களால் மட்டும் ஏற்படும் இழப்பு, முன்சொன்ன தாமத விலக்கில் விழுந்துவிடும்.

பாலிசி எடுப்பது எப்படி?

நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகிய நான்கு பொதுத்துறை நிறுவனங்களுக்கும் மைசூரில் அலுவலகங்கள் உள்ளன. தனியார் நிறுவனங்களும் தரகர்களும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அனுப்புவோர் ஒவ்வொரு பயணத்துக்கும் தனிப் பாலிசி எடுக்கலாம். மாதந்தோறும் அனுப்புவோருக்கு 'ஓபன் கவர்' ஏற்றது. ஓராண்டுக்கான நிபந்தனைகளும் பிரீமிய விகிதமும் முன்பே முடிவாகிவிடும். ஒவ்வொரு சரக்கையும் அறிவித்துச் சான்றிதழ் பெற்றால் போதும். ஆனால் ஆபத்தான பயணத்தை மட்டும் அறிவித்துவிட்டு மற்றவற்றை மறைக்க இயலாது. அனைத்தையும் அறிவித்தாக வேண்டும். ஒரே கப்பலில் அனுப்பும் சரக்குக்கு ஓர் உச்சவரம்பும் இருக்கும். பண்டிகைக்கால ஆர்டரில் இரண்டு கன்டெய்னர் நான்காகும்போது அதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவின்படி பிரீமியம் முன்கூட்டியே வந்துசேராமல் நிறுவனம் ஆபத்தை ஏற்க முடியாது. 'லாரி கிளம்பட்டும், மாலையில் பணம் அனுப்புகிறோம்' என்பது அன்று மாலைவரை காப்பீடு இல்லை என்பதற்குச் சமம். காப்புத்தொகை வழக்கமாக சிஐஎஃப் மதிப்புடன் 10 சதவீதம் சேர்த்து வைக்கப்படுகிறது. வங்கிக் கடன்கடிதம் எனப்படும் எல்சி மூலம் பணம் பெறுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யுசிபி 600 விதிகளின்படி காப்பீட்டு ஆவணத்தின் தேதி, சரக்கு கப்பலேறிய தேதிக்குப் பிந்தையதாக இருக்கக்கூடாது; எல்சியின் நாணயத்திலேயே தொகை இருக்க வேண்டும். ஒருநாள் பிந்தினாலும் வங்கி ஆவணங்களைத் திருப்பிவிடலாம்.

சரக்கு அனுப்பும் முகவரின் பில்லில் 'இன்சூரன்ஸ்' என்று ஒரு வரி இருப்பதைக் கண்டு திருப்தியடைவோரும் உண்டு. யார் பெயரில், எந்தத் தொகுப்பின்கீழ், எந்த ஊர்வரை என்று கேட்டுச் சான்றிதழைக் கையில் வாங்கும்வரை அந்த வரிக்கு மதிப்பில்லை. அதேபோல் இசிஜிசி பாலிசியையும் சரக்குக் காப்பீட்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். 1957-இல் தொடங்கப்பட்ட இந்த அரசு நிறுவனம் காப்பது வாங்குபவர் பணம் தராமல் போகும் ஆபத்தை. சரக்கு நனைவதையோ களவுபோவதையோ அன்று.

சேதம் நேர்ந்தால்

முத்திரை உடைந்திருந்தாலோ பெட்டி நசுங்கியிருந்தாலோ, 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்' என்று கையெழுத்திடாமல் ரசீதிலேயே அதைக் குறிப்பிட வேண்டும். வெளியே தெரியாத சேதமெனில் சரக்கைப் பெற்ற மூன்று நாளுக்குள் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டில் அணுகவேண்டிய முகவரின் முகவரி பாலிசியிலேயே இருக்கும். சர்வேயர் வரும்வரை பொதிப்பொருள்களை அகற்றக்கூடாது. அதற்காகச் சரக்கை மேலும் கெடவிடவும் கூடாது. நனையாத பெட்டிகளைப் பிரித்துவைப்பது காப்பீடு செய்தவரின் கடமை. நியாயமான செலவைக் கோரலாம். லாரியில் நேர்ந்த இழப்புக்கு, பதிவுசெய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் போக்குவரத்து நிறுவனத்துக்கு அறிவிப்பு தரப்பட வேண்டும். கப்பல் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர ஓராண்டு மட்டுமே. இக்கெடுக்களைத் தவறவிட்டால், கப்பலிடமிருந்து வசூலிக்கும் உரிமையைக் காப்பீட்டு நிறுவனம் இழக்கிறது. அதைக் காரணம்காட்டி இழப்பீட்டில் பிடித்தம் செய்யவும் இடமுண்டு.

கோரிக்கை மறுக்கப்பட்டால், தனி உரிமையாளர் நிறுவனங்களும் குறுநிறுவனங்களும் பெங்களூரில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். வணிக நோக்கில் பாலிசி எடுத்தவர் நுகர்வோர் ஆகார் என்ற வாதம் அங்கு நெடுங்காலம் எழுப்பப்பட்டு வந்தது. காப்பீடு இழப்பை ஈடுசெய்வதற்கே அன்றி லாபம் ஈட்டுவதற்கு அன்று எனக் கூறி, 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது.